27 சதவீதத்தில் நின்ற டி டிரைவ்

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பில் புக், இப்படி. கம்ப்யூட்டர் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மூன்று வாரத்துக்கு முன் கோரல்டிராவில் வேலையாக இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து காலையில் ஆன் செய்தாலே டி டிரைவை ஸ்கேன் செய்து ரிப்பேர் செய்வதாகக் கறுப்புத் திரையில் வருகிறது. போன ஞாயிறு 27 சதவீதத்தில் நாலு மணி நேரம் அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்திவிட்டார். இப்போது டி டிரைவ் திறக்கவே ஐந்து நிமிஷம். சில பத்திரிகை ஃபைல்கள் திறக்கவில்லை. கொழுந்தன் மகன் ஏதோ செட்டிங்கை மாற்றியதும் ‘ஃபவுண்ட் 000’ என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது. ‘செக்டிஸ்க்கில் ஆர் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சரியாகிவிடும்’ என்கிறான் அவன். கடையில் ‘ஃபார்மட் அடித்தால்தான் தீரும்’ என்கிறார்கள். டிஸ்க்கில் சத்தம் எதுவும் இல்லை. முக்கியமான வேலைகளுக்கு ஈ டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது. எதைச் செய்யட்டும் சார்?

பதில்: இரண்டையும் இன்றைக்குச் செய்யாதீர்கள் அம்மா. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து, டி டிரைவில் இருப்பதை வெளியே எடுக்கும் வரை செக்டிஸ்க்கும் (காலையில் கறுப்புத் திரையில் ஓடுகிறதே, அதே ஸ்கேன்தான்) வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டரைச் சும்மா ஓடவிட்டு வைப்பதும் வேண்டாம். காப்பி எடுக்க ஆன் செய்யுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது 27 சதவீதம் இல்லை, அந்தக் கடைசி வரி. ஈ டிரைவில் காப்பி இருக்கிறது என்கிறீர்கள். நம் ஊரில் கம்ப்யூட்டர் விற்பவர்கள் ஒரே ஹார்டு டிஸ்க்கை சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்துத் தருவார்கள். விண்டோஸ் கெட்டு சி டிரைவை ஃபார்மட் அடித்தாலும் டி தப்பும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதிலிருந்து ‘டியில் போட்டால் பத்திரம்’ என்ற நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றும் இருப்பது ஒரே இரும்புப் பெட்டிக்குள், ஒரே தட்டுகளின் மேல். ஒரே பீரோவின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் இரண்டு நகல் வைத்துவிட்டு, பீரோ தீப்பிடித்தால் ஒன்றாவது தப்பும் என்று நினைப்பது போலத்தான். உங்கள் எட்டு வருஷ வேலை அத்தனைக்கும் இன்றைக்கு ஒரே ஒரு நகல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரைத் திட்டியிருந்தால் அதை வாபஸ் வாங்கிவிடுங்கள். செக்டிஸ்க்கைப் பாதியில் நிறுத்துவது நல்லதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. ஆனால் அப்படி நிறுத்தினால் டிரைவ் முன்பு இருந்ததைவிட மோசமாகாது என்றும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. மோசமாக்கிக்கொண்டிருப்பது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டுமானால் டிஸ்க்கில் ‘எரர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

நெல் கிடங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூட்டைகள். வாசலில் ஒரு பேரேடு: எந்த விவசாயியின் மூட்டை எந்த வரிசையில், எத்தனை, எது காலி இடம் என்று. கணக்கர் எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் பாதி வரியோடு பேரேடு நிற்கும். மூட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கணக்குதான் இடிக்கும். இது ஒரு வகை. இன்னொன்று, கிடங்கின் தரையே ஓதம் காத்து அரித்துப்போவது. பேரேட்டை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் தரை மேலே எழும்பி வராது.

விண்டோஸில் அந்தப் பேரேட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. பேரேட்டில் கை வைப்பதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு குறிப்பையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்தை நேராக்கிக்கொள்ளும். அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு தடவை கரண்ட் போனதற்காக ஸ்கேன் ஓடுவதில்லை. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முறையாக ஷட்டவுன் செய்யாமல் போனால் அடுத்த தடவை நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் வந்து நம்மைக் குற்றவாளி மாதிரி உட்கார வைக்கும். அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே ஒரே ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு மூன்று வாரமாகத் தினமும் ஸ்கேன் வருகிறது என்றால், பேரேடு மட்டும் பிழை என்று நான் நம்ப மாட்டேன். நாலு மணி நேரம் 27இல் நின்றதும் அதைத்தான் சொல்கிறது. படிக்க முடியாத ஒரு இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் சில நொடிகள், சில சமயம் அதற்கும் மேல். அப்படிப் பல இடங்கள் அடுத்தடுத்து வந்தால் சதவீதம் நகராது. தரையும் அரித்திருக்கிறது என்பது என் சந்தேகம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், அதைப் பார்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

இப்போது கொழுந்தன் மகன் சொன்னதற்கு வருவோம். செக்டிஸ்க் கட்டளையின் பின்னால் சாய்கோடும் ‘எஃப்’ எழுத்தும் போட்டால் அது பேரேட்டை மட்டும் திருத்தும். ‘ஆர்’ போட்டால் எஃப் செய்வதை எல்லாம் செய்துவிட்டு, டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். முதலில் ஃபைல்கள் இருக்கும் இடம், பிறகு காலி இடம். நல்ல டிஸ்க்கிலேயே இது நேரம் பிடிக்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலும் 1 டிபி முழுவதையும் படிக்க மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் வரும். உங்களுடைய டி அதில் ஒரு பகுதிதான் என்றாலும், தடுக்கி விழும் டிஸ்க்கில் ராத்திரி, பகல், மறு ராத்திரி என்று போகும். நோயாளியைப் படுக்க வைக்க வேண்டிய நேரத்தில் மலை ஏறச் சொல்வது மாதிரி.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஒருவர் தன் தங்கை கல்யாணப் படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். மெதுவாகத் திறக்கிறது, மற்றபடி எல்லாப் படமும் தெரிகிறது என்றார். நான் மெனக்கெட்டு உதவுவதாக நினைத்துக்கொண்டு ஆர் போட்டு ஓடவிட்டு, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் படங்களை அப்படியே இழுத்து வேறு டிஸ்க்கில் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. செக்டிஸ்க்கின் அக்கறை உங்கள் பத்திரிகை ஃபைலின் மேல் இல்லை. பேரேடு முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. ஒரு பதிவு இடித்தால் அதை வெட்டிவிடும். கெட்ட இடத்தில் இருந்த துண்டைப் படிக்க முடியாவிட்டால், அந்த இடத்தை ‘இனி பயன்படுத்தாதே’ என்று குறித்து வைத்துவிட்டு மேலே போய்விடும். ஃபைல் பெயர் இருக்கும், நடுவில் ஓட்டை இருக்கும். கணக்கு நேரானது என்று அது மகிழ்ச்சியாக முடித்துக்கொள்ளும். கோரல்டிரா ஃபைலில் அப்படி ஒரு ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் முழு ஃபைலும் திறக்காது.

சரி, காப்பி எப்படி எடுப்பது? காலையில் அந்த ஸ்கேன் ஆரம்பிப்பதற்கு முன், ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் தவிர்க்கலாம் என்று சில நொடிகள் எண்ணிக்கை ஓடும். அழுத்தித் தவிர்த்துவிடுங்கள். உள்ளே போனதும் டி டிரைவ் முழுவதையும் ஒரே தடவையில் இழுத்துப் போடாதீர்கள். ஒரு கெட்ட ஃபைலில் மாட்டினால் மொத்தமும் நின்றுவிடும். இந்த மாதம் டெலிவரி கொடுக்க வேண்டிய வேலைகள் முதலில். அப்புறம் திரும்ப ஆர்டர் வரும் பார்ட்டிகளின் பில் புக், லெட்டர்பேட். அப்புறம் வீட்டுப் படங்கள். ஃபாண்ட் தொகுப்பை மறந்துவிடாதீர்கள், பழைய தமிழ் ஃபாண்ட்களைத் திரும்பத் தேடிப் பிடிப்பது எவ்வளவு தொல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டும் சினிமாவும் கடைசியில். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஒரு ஃபைல் நகராவிட்டால் ‘ஸ்கிப்’ கொடுத்து, அதன் பெயரைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள். கெட்டதோடு மல்லுக்கட்டி நல்லதை இழக்க வேண்டாம்.

கொழுந்தன் மகன் கட்டளை எழுதத் தெரிந்த பையன் போலிருக்கிறது. அவன் கையில் இந்த வேலையைக் கொடுக்கலாம். விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்று ஒன்று இருக்கிறது. அதை அப்படியே ஓடவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலைப் பத்து லட்சம் தடவை முயன்று பார்க்கும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் 30 நொடி காத்திருக்கும். யார் இந்த எண்ணை முடிவு செய்தார்களோ! அதனால் முயற்சி 1, காத்திருப்பு 1 நொடி என்று ஆர், டபிள்யூ இரண்டையும் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே ‘ஆர்’ என்பது மறுமுயற்சி, செக்டிஸ்க்கில் இருக்கும் ஆர் இல்லை. ‘மிரர்’ என்று ஒன்று உண்டு, அதை மட்டும் தொட வேண்டாம். மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச் சேரும் இடத்திலும் அழித்துவிடும்.

காப்பி எடுக்கும் நடுவில் டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்ட ஆரம்பித்தால், அல்லது டிரைவே காணாமல் போனால், அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். படிக்கும் தலை தட்டுக்கு மேலே மிக மிகச் சிறிய இடைவெளியில், ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் பறந்துகொண்டிருப்பது. அது தட்டில் உரச ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றும் நஷ்டம்தான். அதற்குப் பிறகு டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் போவதா, விட்டுவிடுவதா என்று செலவைப் பார்த்து முடிவு செய்யலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், கேட்காதீர்கள். சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் நிறைய ஃபைல் நகரவில்லை என்றால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி தெரிந்த ஆளைப் பிடியுங்கள். அது சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை எல்லாம் முதலில் நகல் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் வரும்.

காப்பி கையில் வந்த பிறகு நிம்மதியாக நோயைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றி ஒரு பதிவு வைத்திருக்கும், ஸ்மார்ட் என்பார்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். மேலே நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் காலம் முடிந்தது. நிறத்தோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலில் நாலு வரிசைகளைப் பாருங்கள். 05 என்ற வரிசை, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்களின், எண்ணிக்கை. டிஸ்க் தயாராகும்போதே கொஞ்சம் உபரி இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதிலிருந்து கொடுப்பது. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது டிஸ்க் தானே சோதித்துப் பார்த்து, சரிசெய்ய முடியாது என்று கைவிட்டவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எண்கள் பதினாறடிமான முறையில் காட்டப்படும், ஏ, பி என்று எழுத்து கலந்து வந்தால் பயந்துவிடாதீர்கள். அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது, சி7. இது எனக்குப் பிடித்த வரிசை, ஏனென்றால் இதில் பணம் மிச்சமாகும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் சாட்டா கேபிளில் தகவல் சிதைந்தால் இங்கே எண் ஏறும். டிஸ்க் நன்றாகவே இருக்கும், கேபிள் முனை தளர்ந்திருக்கும் அல்லது எலி கடித்திருக்கும். இதற்கும் ஸ்கேன் வரும், மெதுவாகும், ஃபைல் கெடும். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறியிருந்தால், சொற்ப விலையில் ஒரு புது கேபிள் வாங்கி மாற்றிப் பாருங்கள். இந்த எண் திரும்பக் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும். நல்ல டிஸ்க்கைக் கழற்றித் தூக்கிப் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரிலும் சாட்சி கிடைக்கும். சிஸ்டம் பதிவுகளில் ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7 என்ற எண் வந்தால் கெட்ட இடம் இருக்கிறது என்று பொருள்: தரை. ‘என்டிஎஃப்எஸ்’ என்ற பெயரோடு 55 வந்தால் பேரேடு. இரண்டும் வந்திருந்தால் தரை கெட்டதால் பேரேடு கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்கள் எல்லாம் பூஜ்யம், கேபிளும் சரி என்றால் மட்டும் செக்டிஸ்க். கட்டளை எழுதும் கறுப்புத் திரை பயமாக இருந்தால் டி டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டூல்ஸ், அதில் செக் என்று இருக்கும், போதும். கட்டளையாகச் செய்வதென்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் எந்த எழுத்தும் சேர்க்காமல் டி டிரைவுக்கு மட்டும் ஓடவிடுங்கள். அப்போது அது பார்வையிடும், எதையும் தொடாது. பிழை இருக்கிறது என்று சொன்னால் எஃப் சேர்த்து ஓடவிடுங்கள். டி டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது, வலுக்கட்டாயமாக விடுவிக்கட்டுமா என்று கேட்கும். கோரல்டிராவை மூடிவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு ஒய் அழுத்துங்கள். சி டிரைவ் என்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் செய்யட்டுமா என்று கேட்கும், அதுவும் ஒய்தான். முடிந்த பிறகு அறிக்கையில் ‘பேட் செக்டர்ஸ்’ என்ற வரியில் 0 கேபி என்று இருக்கிறதா பாருங்கள். ரீஸ்டார்ட்டில் ஓடியதன் அறிக்கை, ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவுகளில் வின்இனிட் என்ற பெயரில் 1001 என்ற எண்ணோடு கிடக்கும்.

05இல் ஏதோ கொஞ்சம் இருக்கிறது, மாதக்கணக்கில் ஏறவில்லை என்றால் அந்த டிஸ்க்கைப் பாட்டு, சினிமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, அல்லது சி5இல் எண் நிற்கிறது என்றால் செக்டிஸ்க்கில் நேரம் போக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். எட்டு வருஷம் உழைத்த டிஸ்க்குக்கு அது குறைச்சல் இல்லை. மாற்றும்போது விண்டோஸுக்கு எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடச் சொல்லுங்கள், உங்கள் கம்ப்யூட்டரா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேகம் கூடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, அதையும் அந்தச் சமயத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, தலையும் இல்லை. ஆர் போட்டு ஓட்ட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. ஆனால் அது போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகும். ஹார்டு டிஸ்க்காவது உங்களுடையது மாதிரி மூன்று வாரம் இழுத்து எச்சரிக்கும். அதனால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்கியதும் ஒரு தடவை காப்பி எடுத்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடாமல், வாரம் ஒருநாள் வெளியே எடுங்கள். காப்பி முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

கடைக்காரர் சொன்ன ஃபார்மட் என்பது பேரேட்டைக் கிழித்துப்போட்டுப் புதுப் பேரேடு போடுவது. க்விக் ஃபார்மட் என்றால் தரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஒரு மாதத்தில் இதே கதை மறுபடி நடக்கும். முழு ஃபார்மட் என்றால், விஸ்டா என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் மொத்த இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த ரெகவரி ஆளும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் வெளியே வந்த பிறகு தாராளமாகச் செய்யட்டும்.

இப்போது அந்த ஃபவுண்ட் ஃபோல்டர். அதை அழித்துவிடாதீர்கள், முதல் காப்பியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். செக்டிஸ்க் பேரேட்டைத் திருத்தும்போது, யாருடையது என்று தெரியாத மூட்டைகளை இங்கே கொண்டுவந்து அடுக்கும். ‘டிர்’ என்று ஆரம்பிக்கும் ஃபோல்டர்கள் இருந்தால் அதிர்ஷ்டம். ஃபோல்டர் பெயர்தான் போயிருக்கும், உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ‘ஃபைல்’ என்று ஆரம்பித்து எண்ணோடு இருப்பவை பெயரிழந்தவை. அவற்றின் நகல்களை, மூலங்களை அல்ல, நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். பிகே என்று ஆரம்பித்தால் புதிய கோரல்டிரா ஃபைலாகவோ வேர்டு ஃபைலாகவோ இருக்கலாம். ஆர்ஐஎஃப்எஃப் என்றால் பழைய கோரல்டிராவாக இருக்க வாய்ப்பு. சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்று இருந்தால் அதுவேதான். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் இருப்பதை சிடிஆர் அல்லது பிடிஎஃப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

திறக்காத பத்திரிகைகளுக்கு இன்னொரு வழி. அதே ஃபோல்டரில் ‘பேக்கப் ஆஃப்’ என்று ஆரம்பித்து அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். கோரல்டிரா ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் முந்தின நிலையை அப்படி வைத்துவிடும். இடத்தை அடைக்கிறது என்று பலர் அதை அழித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அழிக்காதவராக இருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் உங்கள் வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். பார்ட்டிக்குப் ப்ரூஃப் பார்க்க அனுப்பிய படமோ பிடிஎஃப்போ இருக்கும். வடிவத்தைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், ஆனால் முகூர்த்த நேரமும் மாமன்மார் பெயரும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

பார்ட்டிகள் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகியதும் ‘ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்கும் இல்லையா, அங்கேயும் இதே முறைதான். திறந்து, வேண்டிய ஃபைலை எடுத்துக்கொண்டு அப்புறம் சரிசெய்யச் சொல்லுங்கள். பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் அந்த முன்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. பிடுங்கும் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் பேரேடு கிழிந்துவிடும்.

கடைசியாக, கரண்ட் போனபோது கம்ப்யூட்டர் ஏன் அணைந்தது? யுபிஎஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. யுபிஎஸ் இருந்தும் அணைந்தது என்றால் பேட்டரி போயிருக்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் அது நிற்பது அபூர்வம். வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், ஐந்து நிமிஷமாவது தாங்க வேண்டும். லேசர் பிரிண்டர் வைத்திருந்தால் அதை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். உள்ளே சூடேறும்போது ஒரே இழுப்பாக இழுத்து யுபிஎஸ்ஸையே அணைத்துவிடும். பிரிண்டர் தனியாகச் சுவரில் இருக்கட்டும். யுபிஎஸ் இல்லை, வீட்டு இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது என்றால் அதன் பின்பக்கத்தில் யுபிஎஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் உண்டு. அது சாதாரண நிலையில் இருந்தால் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் இடைவெளி ஃபேனுக்கு உறைக்காது, கம்ப்யூட்டருக்கு உறைக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள்.